சோளம் காருக்குப் போனால் கோழிக்கு என்ன? தீவனக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில், புக்கிட் மெர்தாஜமில் ஒரு தீவனக் கடையில் 11 வருடமாகக் கல்லாவும் கொள்முதலும் பார்க்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் பெரிய பண்ணைக்காரர்கள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் 200 நாட்டுக்கோழி வைத்திருப்பவர், செம்பனைத் தோப்பு ஓரத்தில் 30 ஆடு மேய்ப்பவர், ஜூரு பக்கம் மாடு கட்டிப் பால் ஊற்றுகிறவர், இப்படித்தான். மூட்டை விலை ஏறும்போதெல்லாம், சோளத்தை (மக்காச்சோளம்) எத்தனால் என்ற எரிபொருளாக்கிக் காருக்கு ஊற்றுவதுதான் காரணம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றும், அதைக் காட்டிக் காட்டி அதே சந்தேகங்களைக் கேட்பார்கள். ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாரி வந்துவிடும், பாதியில் விட்டுவிடுவேன். அதனால் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

அக்கா, எத்தனால் எத்தனால்னு சொல்றாங்களே, அது சாராயம்தானே?

ஆமாம், அதே பொருள்தான். கள்ளில் இருப்பதும் எத்தனால், கைக்குத் தேய்க்கும் சானிட்டைசரில் பெரும்பாலும் இருப்பதும் எத்தனால். சோளத்தை மாவாக அரைத்து, தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி, மாவுச்சத்தை இனிப்பாக உடைக்கும் நொதிகளைப் போட்டு, பிறகு ஈஸ்ட் விட்டு இரண்டு மூன்று நாள் புளிக்க வைப்பார்கள். புளித்ததை வடித்தால் சுமார் 95 விழுக்காடு வரை சுத்தமாகும். அதற்கு மேல் வடித்துப் பிரிக்க முடியாது, மிச்சத் தண்ணீரை அதற்கென்றே உள்ள ஒரு கனிமத்தின் வழியாக விட்டு உறிஞ்சி எடுக்கிறார்கள். யாரும் குடித்துவிடக் கூடாது என்று கடைசியில் கொஞ்சம் பெட்ரோலையும் கலந்துதான் அனுப்புவார்கள்.

கரும்பில் இனிப்பு ஏற்கெனவே இருக்கிறது, அதனால் முதல் பாதி வேலை மிச்சம். அமெரிக்கா சோளத்தில் செய்கிறது, பிரேசில் பெரும்பாலும் கரும்பில், தாய்லாந்து மரவள்ளியிலும் கரும்புப் பாகுக் கழிவிலும், இந்தியா கரும்பு, சோளம், அரிசி மூன்றிலும்.

ஒரு மூட்டை சோளத்துல எவ்வளவு எண்ணெய் கிடைக்கும்?

50 கிலோ மூட்டை ஒன்றுக்கு சுமார் 20 லிட்டர் எத்தனால். ஆனால் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆகவே அந்த 20 லிட்டர் 13 லிட்டர் பெட்ரோல் ஓடுகிற தூரம்தான் ஓடும். கூடவே அதே மூட்டையிலிருந்து 15 கிலோ அளவுக்குக் கால்நடைத் தீவனமும் மிஞ்சுகிறது. அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், அதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் எல்லாம் தப்பாகிவிடும்.

கடையில் நான் வேறு மாதிரி கணக்குப் போட்டுக் காட்டுவேன். அமெரிக்காவில் சாதாரணமாக விற்கும் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு எத்தனால். 36 லிட்டர் பிடிக்கும் ஒரு சின்னக் காருக்கு முழு டேங்க் போட்டால் அதில் 3.6 லிட்டர் எத்தனால், அதாவது 9 கிலோ சோளம். இரண்டு கிலோ எடைக்கு வளர ஒரு பிராய்லர் கோழி மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் மேலே தீவனம் தின்னும், அதில் பாதிக்கு மேல் சோளம். அப்படிப் பார்த்தால் ஒரு டேங்கில் நாலைந்து கோழிக்கான சோளம் போகிறது.

பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில அவிச்சு விக்கிறானே, அந்தச் சோளமா?

இல்லை. அது இனிப்புச் சோளம், பிஞ்சிலேயே பறிப்பது. தீவனத்துக்கும் எத்தனாலுக்கும் போவது முற்றிக் காய்ந்த மஞ்சள் சோளம், மணியின் தலையில் சின்னக் குழி இருக்கும். மனிதர் அப்படியே சாப்பிடுவதில்லை. ஆனால் கோழியாகவும் முட்டையாகவும் பாலாகவும் நாம் சாப்பிடுவது அதைத்தான்.

அமெரிக்காக்காரன் ஏன் தின்ற பொருளைக் காருக்கு ஊத்துறான்?

மூன்று காரணம் ஒன்றாகச் சேர்ந்தது. பெட்ரோல் நன்றாக எரிய முன்பு எம்.டி.பி.இ. என்ற ரசாயனத்தைக் கலந்தார்கள், அது நிலத்தடி நீரைக் கெடுத்ததால் 2006 வாக்கில் கைவிட்டார்கள், அந்த இடத்துக்கு எத்தனால் வந்தது. வெளிநாட்டு எண்ணெயை நம்பி இருக்க வேண்டாம் என்ற பயம் இரண்டாவது. மூன்றாவது, சோளம் விளைந்து குவிந்து விலை கிடைக்காமல் கிடந்த விவசாயிகள். அவர்களுக்கு ஓட்டு இருக்கிறது, பலமான சங்கங்கள் இருக்கின்றன.

2005இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2007இல் அதைப் பெரிதாக்கினார்கள். எரிபொருள் நிறுவனங்கள் ஆண்டுதோறும் இவ்வளவு கலந்தே ஆக வேண்டும் என்று அளவு வைத்தார்கள். சோள எத்தனாலுக்கு அந்த அளவு 2015இலிருந்து 15 பில்லியன் கேலன், அதாவது ஏறக்குறைய 5,700 கோடி லிட்டர். மானியமும் இறக்குமதி வரியும் இருந்தன, இரண்டும் 2011 முடிவோடு போய்விட்டன. ஆனால் அந்தக் கட்டாய அளவு போகவில்லை. இன்றைக்கு அந்த நாட்டில் விளையும் சோளத்தில் 35 முதல் 40 விழுக்காடு எத்தனால் ஆலைக்குள் போகிறது.

நம்ம சோளம் அர்ஜென்டினாவுல இருந்துதானே வருது? அப்புறம் அமெரிக்கா என்ன செஞ்சா நமக்கு என்ன?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது, ஏனென்றால் பாதி பேர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். மலேசியா தீவனச் சோளத்தை ஏறக்குறைய முழுவதுமாக இறக்குமதி செய்கிறது, பெரும்பாலும் அர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும். பிறை துறைமுகத்தில் கப்பல் வந்து கொட்டுவதும் அதைத்தான். உண்மை. ஆனால் அந்த அர்ஜென்டினா வியாபாரி விலை சொல்லும்போது "சிகாகோ விலைக்கு மேல் இத்தனை" என்றுதான் சொல்கிறார். சிகாகோ சந்தையில் புஷல் (சோளத்துக்கு 25 கிலோவுக்குக் கொஞ்சம் மேல்) கணக்கில் போகும் விலைதான் உலகம் முழுவதற்கும் தராசு. அமெரிக்காவில் சோளத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் அங்கே வாங்கிக்கொண்டிருந்த ஜப்பானும் கொரியாவும் மெக்சிகோவும் தெற்கே திரும்பி அர்ஜென்டினா சோளத்துக்குப் போட்டி போடும். அந்த வரிசையில் நாம் கடைசியில் நிற்கிறோம்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு டன்னுக்கு 39 புஷலுக்குக் கொஞ்சம் மேல். புஷல் 4 டாலர் என்றால் டன் சுமார் 157 டாலர். டாலருக்கு 4.20 வெள்ளி (ரிங்கிட்) என்றால் 50 கிலோ மூட்டைக்கு 33 வெள்ளி, இதில் கப்பல் கூலி, இறக்கும் கூலி, ஆலை லாபம், எங்கள் கடை லாபம் எதுவும் சேரவில்லை. புஷல் 8 டாலரானால் அதுவே 66 வெள்ளி. இப்போது இன்னொன்று செய்து பாருங்கள்: புஷல் 4 டாலரிலேயே இருக்கட்டும், வெள்ளி மட்டும் 2024 பிப்ரவரியில் இருந்த மாதிரி 4.80க்குப் போகட்டும். மூட்டை 38 வெள்ளிக்கு அருகில் வந்துவிடும். சோளம் ஒரு சென்கூட ஏறவில்லை, ஆனாலும் உங்களுக்கு ஏறக்குறைய 5 வெள்ளி கூடிவிட்டது. "அமெரிக்காவில் விலை இறங்கியாச்சாமே, நீங்க மட்டும் ஏன் இறக்கல" என்று கோபமாகக் கேட்பவர்களுக்கு நான் கால்குலேட்டரை எடுத்து இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அப்போ 2022-ல கோழி விலை ஏறினதுக்கு எத்தனால்தானே காரணம்?

நேரடிக் காரணம் இல்லை. அந்த வருடம் பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது. உக்ரைன் உலகின் பெரிய சோள ஏற்றுமதி நாடுகளில் ஒன்று, துறைமுகங்கள் அடைபட்டன. ஏப்ரலில் சிகாகோ விலை 8 டாலரைத் தாண்டியது. கோழி வளர்க்கும் செலவில் 70 விழுக்காடு தீவனம் என்பதால் இங்கே பண்ணைக்காரர்கள் குஞ்சு இறக்குவதைக் குறைத்தார்கள். ஜூன் 1ஆம் தேதி அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்தியது, ஜூலையில் உச்ச விலை கிலோ 9.40 வெள்ளி என்று வைத்தது.

எத்தனால் அந்தத் தீயைப் பற்ற வைக்கவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே வேறொருவர் பெயரில் எழுதப்பட்டிருந்தால், தீப்பிடித்த நாளில் மிச்சம் கொஞ்சம்தானே இருக்கும்? அமெரிக்க ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, மேலே சொன்ன அமெரிக்கக் கலப்புச் சட்டத்தால் 2008 முதல் 2016 வரை சோள விலை சுமார் 30 விழுக்காடு கூடியது என்று கணக்கிட்டது. அதைவிடக் குறைவாகச் சொல்லும் பொருளாதார நிபுணர்களும் உண்டு. எத்தனால் மட்டும்தான் காரணம் என்பவரையும் எத்தனாலுக்கு இதில் பங்கே இல்லை என்பவரையும் நான் நம்புவதில்லை.

மழையே இல்லாத வருஷத்துலயாவது நிறுத்த மாட்டாங்களா?

2012இல் கேட்டார்கள். அமெரிக்காவில் அரை நூற்றாண்டில் காணாத வறட்சி, ஆகஸ்டில் சோளம் 8 டாலருக்கு மேல். கோழி, பன்றி, மாடு வளர்ப்பவர்களும் சில மாநில ஆளுநர்களும் இந்த ஒரு வருடமாவது கட்டாய அளவைத் தளர்த்துங்கள் என்று மனு போட்டார்கள். நவம்பரில் சுற்றுச்சூழல் துறை மறுத்துவிட்டது, தளர்த்தினாலும் விலை பெரிதாக இறங்காது என்றது. நிறுவனங்கள் முந்தைய ஆண்டு அதிகமாகக் கலந்ததற்கான சான்றுகளைக் கைவசம் வைத்திருந்தன, அவற்றைக் காட்டிக் கொஞ்சம் குறைத்துக் கலக்கலாம் என்ற நெகிழ்வு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் இந்த இடம்தான். விளைச்சல் குறைந்தால் யாராவது குறைத்துக்கொள்ள வேண்டும். கோழி வளர்ப்பவர் குஞ்சைக் குறைப்பார், ஆடு வைத்திருப்பவர் இரண்டு ஆட்டை விற்பார், நம் மாதிரி நாட்டில் முட்டை வாங்குகிறவர் பத்துக்குப் பதில் ஆறு வாங்குவார். சட்டத்தில் எழுதிய அளவு மட்டும் குறையாது. பயிரிலிருந்து எரிபொருள் எடுப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. விளைச்சலைப் பார்க்காமல் அளவை நிறுத்தி வைப்பதுதான் தவறு என்கிறேன், அதன் சுமை எப்போதும் மேசையில் இல்லாத ஆளின் தலையில்தான் விழுகிறது. 2007 ஜனவரியில் மெக்சிகோ தலைநகரில் சோள ரொட்டி விலைக்காக மக்கள் ஊர்வலம் போனார்களே, அவர்களும் இப்படி மேசையில் இல்லாதவர்கள்தான்.

உங்க கடையில டி.டி.ஜி.எஸ்.னு ஒரு மூட்டை இருக்கே, அதுல சாராயம் இருக்குமா? ஆடு மயங்காதா?

மயங்காது. சோளத்தில் மாவுச்சத்து மட்டும்தான் எத்தனாலாகிறது. புரதம், கொழுப்பு, நார் எல்லாம் அடியில் தங்கிவிடும். அதை நன்றாகக் காய வைத்து விற்பதுதான் டி.டி.ஜி.எஸ். அந்தச் சூட்டில் சாராயம் நிற்காது. மேலே சொன்ன 15 கிலோ இதுதான். மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுவதால் புரதம் சோளத்தில் இருப்பதைப்போல மூன்று மடங்கு இருக்கும், அதனால்தான் சோளத்துக்கு மட்டுமல்லாமல் சோயாப் பிண்ணாக்குக்கும் பாதி மாற்றாக நிற்கிறது. அமெரிக்கா இதைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறது.

ஆனால் புரதம் மூன்று மடங்கானால் பூஞ்சை நஞ்சும் மூன்று மடங்காகும், சோளத்தில் அது இருந்திருந்தால். வாங்கும்போது மூட்டையைப் பிரித்து ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். நல்லது வெளிர் பொன்னிறமாக இருக்கும், பழைய ஈஸ்ட் ரொட்டி வாசனை வரும். கருத்துக் காப்பித் தூள் நிறத்தில், தீய்ந்த வாசனையோடு இருந்தால் காய வைக்கும்போது சூடு அதிகமாகிவிட்டது, அதிலுள்ள புரதம் கோழிக்குச் செரிக்காது. விலை குறைவு என்று அள்ளிக்கொண்டு போகாதீர்கள். சின்னக் குஞ்சுகளுக்கு ரொம்பக் கொஞ்சமாக, வளர்ந்தவற்றுக்குப் பத்தில் ஒரு பங்குக்குள் என்பது நான் சொல்லும் அளவு.

இந்தியாவிலிருந்து சோளம் வந்துக்கிட்டிருந்ததே, அது ஏன் நின்னுபோச்சு?

அதற்கு எத்தனால் நேரடிக் காரணம். தென்கிழக்கு ஆசியாவுக்கு இந்தியச் சோளம் முன்பு நிறைய வந்தது. பயணம் குறைவு, சின்ன அளவில் கண்டெய்னரிலும் வாங்கலாம். இந்தியா பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் இலக்கை 2030இலிருந்து 2025க்கு முன்னால் இழுத்தது. முதலில் கரும்பை நம்பினார்கள். மழை பொய்த்துச் சீனிக்குத் தட்டுப்பாடு வரும் என்றதும் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதைக் கட்டுப்படுத்திவிட்டுச் சோளத்தின் பக்கம் திரும்பினார்கள். சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் என்று விலையும் நிர்ணயித்தார்கள். ஆலைகள் சோளத்தை மொத்தமாக வாங்க ஆரம்பித்தன.

விளைவு என்ன? ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024இல் மியன்மாரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் சோளம் இறக்குமதி செய்தது. நாமக்கல்லில் முட்டைப் பண்ணை வைத்திருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள், இங்கே நீங்கள் புலம்பும் அதே புலம்பலை அவரும் புலம்புவார். இந்தியக் கோழிப் பண்ணையாளர்கள் வரியில்லாமல் சோளம் இறக்குமதி செய்ய விடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டார்கள். சோளம் விளைவித்த விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது என்பதும் உண்மை, அதை மறைக்கக் கூடாது.

2023-ல அரிசி காணாமப் போனதும் இதனாலதானா?

முக்கியமாக இல்லை. அந்த ஜூலையில் மழை பயத்தில் இந்தியா பச்சரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது, செப்டம்பர் 1இல் இங்கே அரிசி இறக்குமதி செய்யும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி அரிசி விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200க்கு உயர்த்தியது, உடனே எல்லாரும் 10 கிலோ 26 வெள்ளி உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்தார்கள், கடை அலமாரிகள் காலியாகின. இந்தியாவின் அரசுக் கிடங்கு அரிசியும் எத்தனாலுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஆனால் அதே ஜூலையில் அதையும் நிறுத்திவிட்டார்கள். கையிருப்பு பெருகியபின் மறுபடி திறந்தார்கள். அப்படித் திறந்து மூடத் தெரிந்த சட்டம்தான் நான் மேலே 2012 பற்றிச் சொன்னபோது ஆசைப்பட்டது.

சீனி எப்படி?

பிரேசிலில் 1975இல் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அரசே எத்தனால் திட்டம் தொடங்கியது. அங்கே பல ஆலைகளுக்கு இரண்டு வாய்: ஒன்றில் சீனி வரும், இன்னொன்றில் எத்தனால். எது லாபமோ அந்தப் பக்கம் கூடுதலாகத் திருப்புவார்கள். 2003இலிருந்து எந்த விகிதத்திலும் ஓடும் கார்கள் வந்துவிட்டதால் மக்களும் பம்பில் விலையைப் பார்த்து மாற்றிக்கொள்கிறார்கள். ஆகவே கச்சா எண்ணெய் விலை ஏறினால் சீனியும் பின்னாலேயே ஏறப் பார்க்கும். 2025 ஆகஸ்டிலிருந்து அவர்கள் பெட்ரோலில் கட்டாயக் கலப்பு 30 விழுக்காடு.

நம் நாட்டில் சீனி கட்டுப்பாட்டு விலைப் பொருள், சாதாரணச் சீனி கிலோ 2.85 வெள்ளி. அதனால் வெளியே ஏறும்போது இங்கே விலையாகத் தெரியாது, கடையில் "ஒருவருக்கு இரண்டு பாக்கெட்" என்ற அட்டையாகத் தெரியும். இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் ஒன்று தோன்றும். நிபோங் திபால், பத்து காவான் பக்கமெல்லாம் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள்தான், ரப்பருக்கு முன்னால் நம் முன்னோர்கள் கப்பலேறி வந்தது அந்தக் கரும்பு வெட்டத்தான். இன்றைக்கு அதே செபராங் பிறையில் கச்சாச் சீனி வெளிநாட்டுக் கப்பலில் வந்து சுத்தமாகிறது.

ஹாட்யாய் போனா பம்புல காசஹால்னு போட்டிருக்கான். நம்ம காருக்கு ஊத்தலாமா?

தாய்லாந்தில் காசஹால் என்பது எத்தனால் கலந்த பெட்ரோல். காசஹால் 91, 95 இரண்டிலும் 10 விழுக்காடு எத்தனால். இ20 என்று தனியாக இருப்பதில் 20. பெட்ரோல் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளையோ கார் கையேட்டையோ பாருங்கள், இ10 என்று போட்டிருந்தால் 10 வரை போடலாம், இ20 என்று இருந்தால்தான் 20. கொஞ்சம் தூரம் குறையும், இ10க்கு மூன்று விழுக்காடு அளவில். கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிளுக்கும் புல்வெட்டி இயந்திரத்துக்கும் வேண்டாம். ரப்பர் குழாய் ஊறிவிடும், நாள்பட்டு நின்றால் ஈரத்தையும் இழுக்கும். மலேசியாவில் எத்தனால் கலக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நாம மட்டும் என்ன? செம்பனை எண்ணெயை டீசல்ல ஊத்தலையா?

ஊற்றுகிறோம். இந்தக் கேள்வியைக் கேட்பவரை நான் மதிக்கிறேன். 2019இல் நம் வாகன டீசலில் 10 விழுக்காடு செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், கலக்க ஆரம்பித்தோம், இந்தோனேசியா 2025இல் 40க்குப் போனது. அமெரிக்கச் சோளத்தைப் பற்றி நாம் சொல்லும் குறையெல்லாம் செம்பனைக்கும் பொருந்தும்: சமையலுக்குப் போகக்கூடிய எண்ணெய் எஞ்சினுக்குப் போகிறது. 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா செம்பனை எண்ணெய் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தியபோது, எண்ணெய்க்காகத் தவித்தது இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் இருந்த சமையலறைகள்.

வித்தியாசமும் இருக்கிறது. நாம் விளைவிப்பதில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்கிறோம், விலை சரியும் காலத்தில் இந்தக் கலப்புதான் சிறுதோட்டக்காரர்களைத் தாங்குகிறது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் செம்பனைப் பருப்புப் பிண்ணாக்கு நம் மாட்டுக்கே வருகிறது. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: செம்மறிக்கு அந்தப் பிண்ணாக்கை அதிகம் வைக்காதீர்கள், அதிலுள்ள செம்புச் சத்து அவற்றைக் கொன்றுவிடும். வெள்ளாடு ஓரளவு தாங்கும்.

பச்சை எரிபொருள்ங்கிறாங்களே, புகை குறையும்தானே?

காரின் புகைக்குழாயில் மட்டும் பார்த்தால் நல்ல கதைதான்: செடி காற்றிலிருந்து எடுத்த கரியமிலத்தையே திருப்பி விடுகிறது. உரம், டிராக்டர், ஆலை எரிக்கும் எரிவாயு எல்லாம் சேர்த்தாலும் பெட்ரோலைவிட 40 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு என்று அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வகம் சொல்கிறது. மேலே 30 விழுக்காடு விலை உயர்வைச் சொன்ன அதே 2022 கட்டுரை, நிலத்தை உழுததையும் சேர்த்தால் பெட்ரோலைவிட 24 விழுக்காடு மோசமாகக்கூட இருக்கலாம் என்கிறது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே கேள்வி: சோளம் காருக்குப் போனதால் வேறெங்கோ ஒருவர் காட்டையோ புல்வெளியையோ புதிதாக உழுதாரா? அப்படி உழுததை எத்தனால் கணக்கில் எவ்வளவு எழுதுவது? அந்த எண்ணை மாற்றினால் விடை மாறிவிடும். கரும்பு எத்தனால் நிலை இதைவிட நல்லது, ஏனென்றால் கரும்புச் சக்கையையே எரித்து ஆலையை ஓட்டுகிறார்கள். தண்டு, சக்கை, வெறும் செம்பனைக் குலை இவற்றிலிருந்து எடுப்பது எல்லாருக்கும் பிடித்த யோசனை, ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை. ஐயோவாவில் டூபாண்ட் 2015இல் திறந்த பெரிய ஆலை இரண்டே வருடத்தில் நின்றது.

இதையெல்லாம் உலக வர்த்தக நிறுவனத்துல போய்க் கேக்க முடியாதா?

தன் நாட்டில் விளைந்த சோளத்தைத் தன் நாட்டுக் காருக்கு ஊற்றுவதைத் தடுக்க அங்கே விதி இல்லை. எங்கள் பயிர், எங்கள் முடிவு என்பார்கள். வழக்கு வருவது பாகுபாடு காட்டும்போதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2030க்குள் செம்பனை டீசலைத் தன் பச்சை எரிபொருள் இலக்குக் கணக்கிலிருந்து நீக்க முடிவு செய்ததை எதிர்த்து மலேசியா வழக்குப் போட்டது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு அந்த விதியின் அடிப்படையை விட்டுவைத்தது, ஆனால் அதைத் தயாரித்த விதத்திலும் நடைமுறைப்படுத்திய விதத்திலும் குறை கண்டது. இரண்டு பக்கமும் ஜெயித்தோம் என்று அறிக்கை விட்டார்கள்.

பெரும்பாலும் இது இரண்டு நாட்டுப் பேரமாகத்தான் நடக்கிறது. 2025 மே மாதம் பிரிட்டன் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்து 140 கோடி லிட்டர் அமெரிக்க எத்தனாலை வரியில்லாமல் விட ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் ஹல் நகரத்துப் பக்கத்தில் இருந்த விவர்கோ எத்தனால் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆலை உள்ளூர்க் கோதுமை வாங்கி, மிச்சத்தைக் கால்நடைத் தீவனமாக விற்றுக்கொண்டிருந்தது. எத்தனால் பற்றிய ஒரு கையெழுத்தில் கோதுமை விவசாயியும் மாட்டுக்காரரும் சேர்ந்து அடிபட்டார்கள்.

மின்சாரக் கார் வந்துட்டா சோளம் சல்லிசாயிடும், இல்லையா?

உடனே எதிர்பார்க்காதீர்கள். பெட்ரோல் விற்பனை குறைந்தால் கலப்பு விகிதத்தை 10இலிருந்து 15 ஆக்கச் சொல்லி ஏற்கெனவே அழுத்தம் இருக்கிறது. ஏற்றுமதி செய்யப் பார்க்கிறார்கள். எத்தனாலை விமான எரிபொருளாக மாற்றும் ஆலை ஒன்று 2024இல் ஜார்ஜியா மாநிலத்தில் திறந்தார்கள். இத்தனை ஆலைகளைக் கட்டியவர்கள் அவற்றை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார்கள்.

சரி அக்கா, கடைசியா ஒண்ணு. இப்பவே மூட்டை வாங்கி அடுக்கவா, இல்ல காத்திருக்கவா?

விலை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல எனக்கு வாய் வராது, சொல்கிறவரை நம்பவும் வேண்டாம். ஆனால் பார்க்க வேண்டியவை தெரியும். மாதாமாதம் 8 முதல் 12ஆம் தேதிவாக்கில் அமெரிக்க வேளாண் துறை உலகக் கையிருப்புக் கணக்கு வெளியிடும். ஜூன் கடைசியில் எத்தனை ஏக்கர் சோளம் போட்டார்கள் என்று வரும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை பிரேசிலில் இரண்டாம் போகம் விதைக்கிறார்கள், அதில் மழை தள்ளிப்போனால் நமக்கு ஆறு மாதம் கழித்துத் தெரியும். வெள்ளியின் மதிப்பை எல்லா நாளும் பாருங்கள். சிகாகோவில் இறங்கினால் இங்கே மூட்டையில் இறங்க இரண்டு மூன்று மாதமாகும், கப்பலில் வருவது பழைய விலைச் சரக்கு.

ஒரு மாதத்துக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். இது பினாங்கு, காற்றிலேயே ஈரம். 14 விழுக்காட்டுக்கு மேல் ஈரமேறினால் சோளத்தில் பூஞ்சை பிடிக்கும், அதிலிருந்து வரும் நஞ்சு கோழியின் ஈரலைத் தின்றுவிடும், மூட்டைக்கு மிச்சம் பிடித்த 5 வெள்ளிக்குக் கோழியைக் கொடுத்த கதையாகும். தரையில் வைக்காமல் பாலட் மேல் வையுங்கள், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. கையை மூட்டைக்குள் முழங்கை வரை விட்டுப் பாருங்கள், நடுவில் சூடாக இருந்தால் அன்றைக்கே பிரித்துக் காய வையுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடியைப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்து வாருங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.